குரல் வளம்: பத்துக்கு ஐந்து

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் ஒட்டியும் வெட்டியும் பேசும் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். மூவரில் நான் ஒருத்திதான் பெண். இறுதிச் சுற்றில் ஒரு மாணவன், ஒரு மாணவி. மூன்று தாள்களையும் கூட்டியபோது ஒரே ஒரு மதிப்பெண்ணில் முதல் பரிசு அவனுக்குப் போனது.

பொன்னாடை, காபி எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் வந்து நின்றாள். “எனக்கு எங்க மேடம் குறைஞ்சுது?” சண்டைக்கு வரவில்லை, குறித்துக்கொள்ளக் கையில் நோட்டு வைத்திருந்தாள். “பொருள் நல்லா இருந்துச்சும்மா. குரலைக் கொஞ்சம் இறக்கிப் பேசிப் பழகு” என்றேன். அவள் எழுதவில்லை. “என் குரலே இதுதானே மேடம்” என்றாள்.

என் தாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொருளில் அவளுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல், மறுப்புரையில் மூன்று கூடுதல். மொழிநடை இருவருக்கும் சமம். குரல் வளத்தில் அவனுக்கு ஒன்பது, அவளுக்கு ஐந்து. மேடைப் பாங்கில் எட்டும் ஆறும். அதாவது, வாதத்தில் அவள் வென்றாள் என்று என் கையாலேயே எழுதிவிட்டு, என் கையாலேயே அவளைத் தோற்கடித்திருக்கிறேன். மற்ற இரண்டு நடுவர்கள்மேல் பழி போட வழியில்லை.

குரல் வளம் என்றால் என்ன? இருபது ஆண்டுகளாக இலக்கணம் நடத்துகிறேன். இதற்கு ஒரு வரையறை சொல்லத் தெரியவில்லை. என் காதுக்குத்தான் தெரிகிறது. அந்தக் காது எங்கே பழகியது? அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்ட பொதுக்கூட்டங்களில், ஒலிநாடாக்களில், அடுக்குமொழியில் ஏறி இறங்கும் கனத்த குரல்களில். அவை பெரிய குரல்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆண் குரல்கள். அவன் உச்சத்துக்குப் போனால் உணர்ச்சிப் பெருக்கு. அவள் போனால் கீச்சென்கிறது. நானும் மேடைக்காக என் குரலை இறக்கிக்கொண்டவள்தான். கவியரங்கில் ஒரு குரல், வீட்டில் அம்மாவோடு பேச ஒரு குரல். நான் எதைக் கொடுத்து மேடையை வாங்கினேனோ, அதையே அவளிடமும் கேட்டிருக்கிறேன்.

நடுவர் தீர்ப்பு என்றால் அப்படித்தான், ஆளுக்கு ஆள் மாறும் என்பார்கள். அளவுகோலை இன்னும் நுணுக்கமாக்கினால் சரியாகிவிடும் என்று வேறு சிலர். எனக்கு நடந்ததைப் பார்த்தால், என் சார்பு ஒளிந்துகொண்டதே அந்தக் கட்டங்களுக்குள்தான். “எனக்கு அவன் பேச்சுதான் பிடித்தது” என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் யாராவது “ஏன்?” என்று கேட்டிருப்பார்கள். ஒன்பது, ஐந்து என்று எழுதினால் யாரும் கேட்பதில்லை.

2014ஆம் ஆண்டுக்கான உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி சென்னையில் நடந்தது. அந்த முறையில் நான்கு அணிகள் மோதும். நடுவர்கள் தனித்தனியாகக் கூட்டிக் கழிப்பதில்லை; முதலில் கலந்து பேசி யார் முதல், யார் கடைசி என்று முடிவு செய்து, பிறகுதான் மதிப்பெண் போடுகிறார்கள். பெரும்பாலான சுற்றுகளில், தோற்றவர்களை எதிரே உட்காரவைத்து ஏன் தோற்றார்கள் என்று விளக்கவும் வேண்டும். அங்கே நடுவர் தன்னை ஒரு சராசரி அறிவுள்ள வாக்காளராகக் கற்பனை செய்துகொண்டு கேட்க வேண்டுமாம். அந்த வாக்காளர் புடவை கட்டியவரா, வேட்டி கட்டியவரா என்று எனக்கு உடனே கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் முகத்துக்கு நேரே காரணம் சொல்வது சாதாரண விஷயமில்லை. அந்த நோட்டின் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதே.

மணிமேகலையில் ஓர் இடம் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் உறுத்தும். வஞ்சியில் சமயவாதிகளின் வாதங்களைக் கேட்கப் போகிறவள், மாதவன் ஒருவனின் உருவத்தில் போகிறாள். இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வம் முன்பே எச்சரித்து, வேற்றுருவம் எடுக்கும் மந்திரத்தைத் தந்திருக்கிறது. கேட்பதற்கே வேடம் வேண்டியிருந்தது. பேசுவதற்கு வேண்டிய வேடத்தைத்தான் நாங்கள் குரல் வளம் என்று பெயரிட்டுப் பத்து மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறோம்.

அப்படியானால் பெண் என்பதற்காக அவளுக்குக் கூட்டிப் போட்டிருக்க வேண்டுமா? அதையும் ஒருமுறை செய்திருக்கிறேன். சமூக ஊடகம் பெண்ணுக்கு வெளியா, வேலியா என்று தலைப்பு. சீட்டுக் குலுக்கலில் ஒரு பையனுக்கு ‘வேலி’ விழுந்தது. தனக்கே உடன்பாடில்லாத பக்கத்தை எடுத்து, எதிரணியின் ஒவ்வொரு வாதத்துக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். எதிரே பேசிய பெண் என் கட்டுரை ஒன்றிலிருந்தே பேசுவதுபோல இருந்தது. பரிசை அவளுக்குக் கொடுத்தேன். என் கருத்துக்குக் கொடுத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. அந்தப் பையன் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால், பாவம், அவனுக்கும் குரலைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

குறளில் நடுவுநிலைமைக்குச் சொல்லும் தராசு, முதலில் தான் சமமாக நின்று பிறகுதான் எடை காட்டும். என் தட்டில் ஏற்கெனவே அப்பாவின் தோள் இருக்கிறது, என் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றை இறக்கிவைக்க முடியும் என்று நான் நம்பவில்லை. என்னென்ன இருக்கிறது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதெல்லாம் அழைப்பு வந்தால் குரல் வளக் கட்டத்தை எடுக்கச் சொல்கிறேன். சிலர் எடுக்கிறார்கள், சிலர் அடுத்த ஆண்டு என்னை எடுத்துவிடுகிறார்கள். தாளின் பின்பக்கம் ஒவ்வொருவருக்கும் நான்கு வரி காரணம் எழுதி, கேட்பவர்களிடம் காட்டுகிறேன். போன மாதம் ஒரு மாணவி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். “மூணாவது வரி தப்பு மேடம். நான் அப்படிச் சொல்லலை” என்றாள். உடன் இருந்த தோழி செல்பேசியில் பதிவு செய்திருந்தாள். மரத்தடியில் நின்று மூவரும் கேட்டோம். அவள் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.