உலர்கனியும் பருப்பும்: குழந்தைகளுக்கு நாம் காட்டும் உணவறம்



சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் தாம்பூலத்துடன் உலர்பழப் பெட்டி ஒன்றையும் வழங்கினார்கள். வீட்டிற்கு வந்து அதைத் திறந்தோம். பாதாம், முந்திரி, உலர்ந்த திராட்சை ஆகியவற்றோடு உலர்ந்த அத்திப்பழமும் இருந்தது. ஒன்பது வயதுள்ள நம் பேரன் அதை ஆவலோடு எடுத்தான். நாம் தடுத்தோம். உடனே அவன், "தாத்தா, அத்திப்பழத்துக்குள் உயிர்கள் இருக்கும், தின்னக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இதுதான் காய்ந்து போயிற்றே. இதற்குள் எந்த உயிர் இருக்கும்?" என்று வினவினான். விடை கூற இயலாமல், "பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்" என்று சொல்லிப் பெட்டியை மேலே எடுத்து வைத்துவிட்டோம். குழந்தையின் கேள்வி நேர்மையானது. நம் விடை அப்படிப்பட்டதன்று.

மறுநாள் அமிருதசந்திர சூரிகள் அருளிய புருஷார்த்த சித்தியுபாயத்தை எடுத்துப் பார்த்தோம். கள், ஊன், தேன் ஆகியவற்றோடு ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பழங்களையும் விலக்கச் சொல்லும் அந்த ஆசாரியர், நம் பேரனின் ஐயத்தையும் அங்கேயே எண்ணிப் பார்த்திருக்கிறார். நாளடைவில் உயிர்கள் நீங்கி உலர்ந்துபோன பழமாயினும், அதை உண்பவனிடம் மிகுந்த ஆசை என்னும் ஹிம்சை நிகழ்கிறது என்பது அவர் கருத்து. ஹிம்சை பழத்தில் மட்டும் இல்லை. அதைத் துறக்க மனம் வராத நம் நாவிலும் இருக்கிறது.

அத்தி இனத்தின் பூக்கள் காய்க்கு உள்ளேயே மலர்கின்றன. சிறு குளவிகள் உட்புகுந்து முட்டையிடுகின்றன. கடைகளில் விற்கும் சீமை அத்தியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. குளவியின்றியே பழுக்கும் வகைகளும் உண்டு என்பார்கள். உண்மையே. ஆயினும் ஆசாரியர் கூறிய காரணம் அவற்றுக்கும் பொருந்தும்.

இவற்றையெல்லாம் பேரனுக்கு விளக்கினோம். பொறுமையாகக் கேட்டவன் கடைசியில், "சரி தாத்தா. அப்படியானால் பசிக்கும்போது நான் எதைத் தின்பது?" என்றான். அன்பர்களே, இந்த இரண்டாம் கேள்விதான் நம்மை உலுக்கியது. விலக்க வேண்டியவற்றை நாம் நீளமாகச் சொல்கிறோம். கொடுக்க வேண்டியவற்றைக் கையில் கொடுக்கிறோமா? பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பொழுது சாய்வதற்குள் வயிறு நிறைய வேண்டும். வெறுங்கையோடு நின்று இரவுண்ணாமையைப் போதித்தால், அவன் பசி தெருமுனைக் கடைக்கும் உறையிலிட்ட தின்பண்டத்துக்கும்தான் அவனை அழைத்துச் செல்லும். பிறகு பிள்ளைகள் நெறி தவறினர் என்று நாம் வருந்துவதில் பயன் என்ன?

நம் மக்கள் மிகுதியாக வாழும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிகளின் வயல்களில் விளையும் மல்லாட்டையே இதற்கு முதல் மருந்து. நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. பாதாமில் சுமார் 21 கிராம், முந்திரியில் சுமார் 18 கிராம். ஆகவே விலையுயர்ந்த பருப்பு வாங்க இயலவில்லையே என்று எந்தத் தாயும் ஏங்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் விளைவதால் அது கிழங்கைப் போல் விலக்குக்குரியதோ என்று சிலர் ஐயுறுவர். அதன் பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது. பின்பு காம்பு நீண்டு மண்ணுள் இறங்கிக் காயாகிறது. அது விதை, வேரும் அன்று, கிழங்கும் அன்று. தேன் நமக்கு ஆகாது, வெல்லம் உண்டு. வெல்லப் பாகில் பிடித்த கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் நம் பாட்டிமார் நமக்குத் தந்த செல்வங்கள். எள்ளில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அக்ரோட்டுப் பருப்பில் உடலுக்கு இன்றியமையாத கொழுப்பு அமிலம் உண்டு. பேரீச்சையும் திராட்சையும் விரைந்து வலிமை தரும்; சிறிது இரும்புச் சத்தும் அளிக்கும். உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் அந்த இரும்பு உடலில் நன்கு சேரும். ஆனால் பி-12 என்னும் உயிர்ச்சத்து இவற்றுள் எதிலும் இல்லை. அதற்குப் பாலும் தயிரும் வேண்டும்.

கொடுக்கும் முறையிலும் அறம் உண்டு. பேரீச்சையைப் பிளந்து, கொட்டையை நீக்கி, உள்ளே புழு உண்டா என்று பார்த்த பின்பே கொடுக்க வேண்டும். பருப்புகளையும் உடைத்துப் பார்த்தல் நலம். மழைக்காலத்தில் இவற்றில் பூச்சி எளிதில் பற்றும். ஆதலால் சிறிது சிறிதாக வாங்கி, ஈரம் புகாத கலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும். கசப்பதையும் நிறம் மாறியதையும் தயங்காமல் நீக்கிவிடுங்கள். பார்த்து உண்பது உயிர்க்கருணை; அதுவே உடல்நலமும் ஆகிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிவிடும். நன்கு பொடித்துக் கஞ்சியிலோ பாலிலோ கலந்து கொடுக்கலாம். சில குழந்தைகளுக்குக் கடலையும் பருப்பும் ஒவ்வாமை தரும். தடிப்போ, உதட்டு வீக்கமோ, மூச்சுத் திணறலோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்க. உலர்பழம் பல்லில் ஒட்டும். உண்டபின் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். அளவு ஒரு சிறு கைப்பிடி போதும். நல்ல பொருளாயினும் அளவு மீறினால் அதுவும் பேராசையே.

பாதாமும் முந்திரியும் சோறு அல்லவே, இரவில் தின்றால் என்ன என்று கேட்பாரும் உளர். இரவுண்ணா விரதத்தில் அன்னம், பானம், தின்பண்டம், நக்கியுண்பது ஆகிய நால்வகை ஆகாரமும் அடங்கும் என்று சமந்தபத்திர சுவாமிகள் வகுத்துள்ளார். கைப்பிடிப் பருப்பும் தின்பண்டமே. ஆகவே அதை மாலை ஐந்து மணிக்கே கொடுத்துவிடுங்கள்.

இப்போது நம் வீட்டில் மாலைதோறும் ஒரு சிறு கிண்ணம் காத்திருக்கிறது. பேரன் பேரீச்சையைத் தானே பிளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு உண்கிறான். சில நாள்களில் நமக்கும் ஒன்றைப் பிளந்து நீட்டி, "பார்த்துவிட்டேன் தாத்தா, ஒன்றும் இல்லை" என்கிறான். அகிம்சையை அவனுக்கு நாம் கற்பித்ததாக எண்ணியிருந்தோம். கேள்வி கேட்டு அதை நமக்கு மீண்டும் கற்பித்தவன் அவனே.

அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!