“பாதுகாப்பு இல்லை”: ஒரு சொல், இரண்டு குறைகள்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே!

ஸூரத்துந் நஹ்லின் 112-வது வசனத்தில் அல்லாஹ் ஓர் ஊரை உதாரணமாகக் கூறுகிறான். அந்த ஊருக்கு அவன் தரும் முதல் இரண்டு அடைமொழிகள் ஆமினா, முத்மஇன்னா. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஆமினா என்பது ஆபத்து இல்லாத நிலை. முத்மஇன்னா என்பது உள்ளம் அமைதி அடைந்த நிலை. முதலாவது வெளியே இருப்பது, இரண்டாவது கல்பில் இருப்பது.

தமிழில் நாம் இந்த இரண்டின் குறைக்கும் “பாதுகாப்பு இல்லை” என்றே சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைகள் “அன்சேஃப்” என்றும் “இன்செக்யூர்” என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். அந்தப் பிரிவை நான் கவனிக்கத் தவறிய ஒரு நாளைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. மஃரிபுக்குப் பிறகு முடிச்சூரிலிருந்து ஒரு சகோதரி போன் செய்தார். “ஹஜ்ரத், தெருவுக்குத் தண்ணி வந்துடுச்சு. அம்மாவால நடக்க முடியாது. இங்க பாதுகாப்பே இல்ல” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பயப்படாதீங்கம்மா, ஆயத்துல் குர்ஸி ஓதிட்டுப் படுங்க.”

தஹஜ்ஜுத் நேரத்தில் அந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மாடியில் குடியிருந்த மாற்று மதச் சகோதரர் இறங்கி வந்து, அந்தத் தாயைத் தோளில் தூக்கிப் போய்க் காப்பாற்றினார். அல்ஹம்துலில்லாஹ்.

ஆயத்துல் குர்ஸியில் குறையில்லை, என் பதிலில்தான் குறை. அவர் ஆபத்தைச் சொன்னார், நான் பயத்துக்கு மருந்து கொடுத்தேன். “முதலில் மாடிக்குப் போங்க, ஓதிக்கொண்டே போங்க” என்று சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சேலையூரில் ஒரு பெரியவர், பிள்ளைகள் வெளிநாட்டில். இரும்புக் கேட், நான்கு கேமரா, இரட்டைப் பூட்டு, எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவருக்குத் தூக்கமில்லை. “பாதுகாப்பு இல்லாத மாதிரி இருக்கு ஹஜ்ரத்” என்கிறார். ஐந்தாவது கேமரா வைத்தால் சரியாகுமா? உள்ளங்கள் அமைதி பெறுவது அல்லாஹ்வின் திக்ரினால் என்று ஸூரத்துர் ரஅத் 28 கூறுகிறது. இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் இரண்டு வாலிபர்கள் அவருடன் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். இப்போது தூங்குகிறார்.

நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைப் பாருங்கள். மதீனா இருப்பது வடக்கே, அவர்கள் சென்றதோ தெற்கே உள்ள ஸவ்ர் குகைக்கு. மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள். முஸ்லிமல்லாத ஒருவரை வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தினார்கள். செய்ய வேண்டிய அனைத்தையும் செய்தார்கள். அதன் பிறகுதான், எதிரிகள் குகை வாசலுக்கே வந்து நின்றபோது, கவலைப்பட வேண்டாம் என்று அபூபக்ர் (ரலி) அவர்களைத் தேற்றினார்கள். அல்லாஹ் ஸகீனத்தை இறக்கியதை ஸூரத்துத் தவ்பா 40 சொல்கிறது.

அன்பானவர்களே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் புகுந்தது. அடுத்த மழைக்கு முன், நம் மஹல்லாவில் தரைத்தளத்தில் இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். வடிகாலில் கட்டடக் கழிவைக் கொட்டாதீர்கள், அது அண்டை வீட்டாரின் அம்னைப் பறிப்பதாகும்.

இனி யாராவது உங்களிடம் “பாதுகாப்பு இல்லை” என்று சொன்னால், பதில் சொல்லும் முன் கேளுங்கள்: தண்ணீர் எங்கே நிற்கிறது, வீட்டிலா, மனதிலா? வீட்டில் என்றால் கை கொடுங்கள். மனதில் என்றால் பக்கத்தில் உட்காருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் ஊர்களை அபயமுள்ளதாகவும் எங்கள் உள்ளங்களை அமைதியுள்ளதாகவும் ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.