ஹாஃப் கிளட்ச்

வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. சாவி இன்னும் போடவில்லை.

இடது கை கிளட்சைப் பிடிக்கிறது. விடுகிறது. மறுபடி பிடிக்கிறது.

உறைக்குள் கேபிள் நகரும் சத்தம். காது கொடுத்தால் மட்டும்.

*

648 சிசி. 47 குதிரைத்திறன். பெட்ரோல் இல்லாமலே 202 கிலோ.

ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போதுதான் அந்த 202 என்னவென்று தொடைக்குத் தெரிகிறது. நிமிர்ந்து நின்றதும் எடை எங்கோ போய்விடுகிறது. இரண்டு விரலால் பிடித்திருக்கலாம். ஒரு சாண் சாய்ந்தால் அத்தனையும் திரும்பி வருகிறது.

இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம். எஞ்சின் இல்லாமல்.

*

யாரோ ஓட்டிய வண்டி.

டேங்க்கின் இரு பக்கமும் முழங்கால் உரசி மங்கிய இடம். என் முழங்கால் அதற்குச் சற்றுப் பின்னால் படுகிறது. உயரமான ஆள் போலிருக்கிறது.

கிளட்ச் லீவரைக் கொஞ்சம் கீழே இறக்கி முடுக்கியிருக்கிறார். அவர் மணிக்கட்டுக்கு அது வசதி. ஸ்பேனரை எடுத்து மாற்றலாம்.

மாற்றவில்லை. கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்.

*

பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. ஓரங்களில் ரப்பர் புதுசு. நேர்ச்சாலையிலேயே போய்வந்திருக்கிறார்.

பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டம். அதற்குள் நான்கு எண்கள். 2319. அதாவது 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். ஜூன் மாதம்.

ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகிறது. நகத்தால் அழுத்துகிறேன். நகம் இறங்கவில்லை.

முதல் செலவு டயர். வாங்கிய விலையோடு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

*

சிங்கப்பெருமாள்கோவில் வழியாகப் போனால் ஓரகடம். இந்தியாவில் ராயல் என்ஃபீல்டு 1955இல் சென்னையில் தொடங்கியது, திருவொற்றியூரில். ஓரகடத்துக்கு வந்தது 2013இல். பிறகு பக்கத்திலேயே வல்லம் வடகால்.

இன்டர்செப்டர் என்ற பெயர் ஓரகடம் ஆலையைவிடப் பழசு. 1960களில் இங்கிலாந்தில் செய்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். 2018இல் அதே பெயரில் இது.

செங்கல்பட்டில் நிற்கிறது. பிறந்த ஊரைத் தாண்டி அதிகம் போனதில்லை போல.

*

சாவி. பச்சை விளக்கு. நியூட்ரல்.

பட்டனை அழுத்துகிறது விரல்.

இரண்டு பிஸ்டன்கள். ஒரு வெடிப்புக்குப் பிறகு கிராங்க் 270 டிகிரி சுற்றி அடுத்த வெடிப்பு. அதன்பின் 450 டிகிரி. பிறகு 270. சமமில்லாத இடைவெளிகள்.

காது நீண்ட இடைவெளியில் காத்திருக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது காத்திருக்க நேரமே இல்லை. ஆனாலும் காத்திருக்கிறது.

*

செங்கல்பட்டைச் சுற்றி வீடில்லாத தெருக்கள் நிறைய. மனைப் பிரிவுகள். நுழைவாயிலில் வளைவு, வெளுத்துப்போன கொடிகள், வெள்ளையடித்த எல்லைக் கற்கள், முப்பதடி ரோடு.

குடியேறியிருப்பவை ஆடுகள்.

பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ரியல் எஸ்டேட்காரர்களுக்கு ஒரு நன்றி.

*

லீவரை முழுக்கப் பிடித்தால் எஞ்சின் தனி, சக்கரம் தனி. முழுக்க விட்டால் இரண்டும் ஒன்று. நடுவில் ஒரு விரற்கடை. கிளட்ச் தட்டுகள் உரசிக்கொண்டே சுற்றும் இடம். ஹாஃப் கிளட்ச்.

அங்கே வண்டி தவழ்கிறது.

ஆக்சிலேட்டர் அசையாமல். வலது கால் பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி. முன் பிரேக்கில் விரல் இல்லை. ஹேண்டில் திரும்பியிருக்கையில் அதைப் பிடித்தால் வண்டி திரும்பிய பக்கமே உட்கார்ந்துவிடும்.

நடக்கும் வேகம். அதற்கும் கீழே.

47 குதிரைக்கும் இங்கே வேலை இல்லை.

விரல்கள் மட்டும் வேலை செய்கின்றன. அந்த விரற்கடைக்குள் போய், வந்து. முன்கை வலிக்கிறது. வலி ஓரிடத்தில் நிற்பதில்லை. முழங்கை வரை ஏறுகிறது, இறங்குகிறது.

*

ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆகியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.

கியர் உள்ள வண்டி. அட்டையில் அவ்வளவுதான். நூறு சிசிக்கும் இதற்கும் ஒரே அட்டை.

ஐரோப்பாவில் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். நடுப்படிக்கு எல்லை 35 கிலோவாட். இந்த எஞ்சின் ஏறத்தாழ அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. இங்கே கோடு இல்லை. புதிதாக ஓட்டுகிறவருக்கு அது சலுகை என்று தோன்றவில்லை.

*

எட்டின் நடுவில், ஒரு வட்டம் முடிந்து மறுவட்டம் தொடங்கும் இடத்தில், வண்டி ஒரு கணம் நேராகிறது. அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

அப்போதே தலை திரும்ப வேண்டும். தோளுக்கு மேலே, போக வேண்டிய இடத்துக்கு.

தலை திரும்புகிறது. சக்கரம் பின்னால் வருகிறது.

*

பார்த்த இடத்துக்கு வண்டி போகிறது. எல்லைக் கல்லைப் பார்த்தால் கல்லுக்கு. ஆட்டைப் பார்த்தால் ஆட்டுக்கு.

ஆடு நகர்வதில்லை. தெருவுக்குப் பட்டா அதன் பெயரில் இருக்கிறது.

ஆட்டுக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் ஒன்றுமில்லாத இடம். கண்ணை அங்கே வைக்க வேண்டும். ஒன்றுமில்லாததில் கண் நிற்க மறுக்கிறது. வழுக்கி ஆட்டுக்கே வருகிறது.

*

தெருக்கோடியில் புல். நண்பரோடு சேர்ந்து வண்டியை மெதுவாகப் படுக்க வைக்கிறோம். வேண்டுமென்றேதான். தூக்கத் தெரிய வேண்டும்.

வலப்பக்கம் படுத்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் போய்விடும். கியரில் இருக்க வேண்டும். உருளக் கூடாது.

முதுகை சீட்டுக்குக் கொடுத்துக் குந்துகிறது உடம்பு. ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்னால் கம்பியில். முதுகு நேராக. கால்கள் மட்டும் தள்ளுகின்றன. சின்னச் சின்ன அடியாகப் பின்பக்கம் நடக்கிறது.

பாதி வரைக்கும் எடை. அதன்பின் வண்டி தானாக எழுகிறது.

கை நடுங்குகிறது. புல்லில் கண்ணாடி பதிந்த பள்ளம். மெல்ல நிமிர்ந்துகொண்டிருக்கும் புல்.

*

முன் டிஸ்க்கை வேகத்தில் பிடித்துப் பார்ப்பது. நேர்க்கோட்டில் மட்டும். முதலில் மென்மையாக, பாரம் முன் சக்கரத்தில் இறங்கும்வரை. பிறகு இறுக்கி.

லீவர் விரலுக்கடியில் துடிக்கிறது. ஏபிஎஸ். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

துடித்தாலும் விடக்கூடாது என்கிறது அறிவு. விடு என்கிறது கை.

*

விடியற்காலை. கொளவாய் ஏரிமேல் பனி. கரையோரம் ரயில் போகிறது. ஜன்னல் ஓரங்களில் தூக்கம்.

ஹெல்மெட்டுக்குள் மூச்சு கேட்கிறது. கண்ணாடி கீழ்ப்பக்கம் மங்குகிறது, தெளிகிறது.

இன்றைக்கு மெயின் ரோடு.

*

திருக்கழுக்குன்றம் சாலை. இருபுறமும் வயல், ஏரி, திடீரென்று ஒரு பாறைக்குன்று.

மூன்றாவது கியர். வலது மணிக்கட்டு தாழ்ந்திருக்கிறது. முறுக்காதீங்க என்று மெக்கானிக் சொன்னது அந்த மணிக்கட்டில் இருக்கிறது. நகம் அளவு திருப்பினால் போதும், வயல் வேகமாகப் பின்னால் போகிறது.

இடப்பக்க வளைவு. ஹேண்டிலின் இடப்பக்கத்தை மெல்ல முன்னால் தள்ளுகிறது உள்ளங்கை. சக்கரம் ஒரு நொடி வலப்பக்கம் எட்டிப்பார்க்க, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. இவ்வளவு நாளும் சைக்கிளில் இதைத்தான் செய்துவந்திருக்கிறது கை, யாருக்கும் சொல்லாமல்.

வளைவின் முடிவு தெரிகிறது. தோள் தளர்கிறது.

*

பாதிச் சாலையில் நெல் காய்கிறது. ஓரத்தில் வரிசையாகக் கற்கள். பாயில் ஒரு அம்மா.

நெல்லின்மேல் இரண்டு சக்கரம் ஏறினால் பிடிப்பு இருக்காது. கிளட்ச். இரண்டாவது கியர். எதிரே பஸ்.

பஸ் போகட்டும்.

நெல் வாசனை ஹெல்மெட்டுக்குள் வந்து தங்குகிறது.

*

டீக்கடை. வெயில் ஏறிவிட்டது. தார் இளகத் தொடங்கியிருக்கிறது. சைடு ஸ்டாண்டின் கால் மெல்லப் புதைகிறது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கல் ஒன்றைக் காலால் நகர்த்தித் தருகிறார். ஏற்கெனவே பல ஸ்டாண்டு பார்த்த கல். நடுவில் வழவழப்பான குழி.

பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர்.

"எவ்ளோ தம்பி குடுக்கும்?"

"25 குடுக்குங்க ஐயா."

"அவ்ளோதானா."

டீ சூடாக இருக்கிறது.

*

மேலே வேதகிரி. உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரம் வைக்கும் பிரசாதத்தைத் தின்றுவிட்டுப் போகுமாம். இப்போது வருவதில்லை. அண்ணாந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மலையில் ஒரு பல்லவர் குடைவரை. ஒருகல் மண்டபம். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையிலிருந்து டச்சுக்காரர்கள் வந்து தூண்களிலும் சுவர்களிலும் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் இங்கே இல்லை. கீறல் இருக்கிறது.

கீழே, டேங்க் மூடிக்குப் பக்கத்தில், சாவி இழுத்த கோடு ஒன்று. பாலிஷ் போட்டால் போய்விடும் என்றார்கள்.

விரல் அதன்மேல் போய்வருகிறது. போடவில்லை.

*

மாமல்லபுரம். எஞ்சினை நிறுத்துகிறேன்.

சூடான இரும்பு சுருங்கும் சத்தம். டிக். கொஞ்சம் கழித்து டிக். சாலையோரச் சிற்பக் கூடத்தில் உளி. இரண்டும் சேர்ந்து கொஞ்ச நேரம். பிறகு எஞ்சின் ஆறிவிடுகிறது. உளி மட்டும்.

கணுக்காலுக்குள் சூடு இருக்கிறது. உடம்பு நிற்கிறது, உள்ளே இன்னும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

சரிவில் வெண்ணெய் உருண்டைப் பாறை. அதைத் தள்ளுவதுபோல் நின்று படம் எடுக்கிறார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர். பாறை எல்லாருக்கும் நிற்கிறது.

*

தெற்கே ஈசிஆர்.

சவுக்குத் தோப்பு இருக்கும்வரை காற்று இல்லை. தோப்பு முடியும் இடத்தில் கடல் தெரிகிறது. தெரியும் முன்பே வண்டி வலப்பக்கம் ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

கை இறுகுகிறது. இறுகினால் வண்டி கூடுதலாக ஆடுகிறது. முழங்காலை டேங்க்கில் ஒட்டி, கையை விட்டுப்பிடிக்கிறது உடம்பு.

மறுபடி தோப்பு. காற்று நிற்கிறது. கடலுக்காகச் சாய்ந்திருந்த உடம்பு இப்போது ஒன்றுமில்லாததற்குச் சாய்ந்திருக்கிறது.

மறுபடி கடல்.

*

மணல். மெல்லிய பூச்சாக, சாலை நிறத்திலேயே. அருகில் போனால்தான் தெரியும்.

மணலில் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். பிரேக் இல்லை. முறுக்கு இல்லை. சாய்வு இல்லை. கடக்கும்வரை ஒன்றுமே இல்லை.

பின் சக்கரம் லேசாக எதையோ யோசிக்கிறது. நேராகிறது.

*

ரோடு அகலமாக்குகிறார்கள். சில இடங்களில் பாதை மாற்றி விட்டிருக்கிறார்கள். ஜல்லி.

ஸ்போக் சக்கரம். உள்ளே டியூப். பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். கூரான கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

*

கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம். ஆறு பெரும்பாலும் மணல். நடுவே ஒரு கீற்றுத் தண்ணீர். அதில் கொக்கு.

பாலத்தில் மறைப்பு கிடையாது. எதிரே லாரி. அது நெருங்கும்போது காற்று வெளியே தள்ளுகிறது. கடந்ததும் உள்ளே இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மீண்டும் அந்த நேரான ஒரு கணம்.

நான்காவது கியர். இன்னும் இரண்டு இருக்கின்றன. இடது கால் கியர் லீவருக்கடியில் இருக்கிறது. அங்கேயே இருக்கிறது.

*

மீட்டரில் பெட்ரோல் கோடுகள் குறைந்துவிட்டன.

டேங்க் 13.7 லிட்டர். முழுக்க நிரப்பினால் பத்து கிலோ. அதுவும் மேலே, முழங்காலுக்கு நடுவில், சாய்ந்தால் முதலில் தெரியும் இடத்தில். காலியான டேங்க்கோடு வண்டி லேசாக இருக்கிறது. யூ டர்ன் எளிதாக வருகிறது.

கூவத்தூர் பங்கில் பையன் மூடியைத் திறக்கக் காத்திருக்கிறான்.

"ஃபுல்லாண்ணா?"

"முந்நூறுக்குப் போடு."