கம்ப்யூட்டர் கம்பெனி ஷேர் வாங்கலாமா?



தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வீட்டுக் கூட்டங்களுக்குப் போகும்போது பலர் என்னிடம் கேட்கிற கேள்வி இது: "பாஸ்டர், கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனியிலே ஷேர் வாங்கலாமா?" ஒருவர், "அது சூதாட்டம், விசுவாசிக்கு ஆகாது" என்பார். இன்னொருவர், "கம்ப்யூட்டர் இல்லாத ஆபீஸ் உண்டா? கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்பார். இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு போட்டால்தான் அது சூதாட்டம்!

ஷேர் என்பது லாட்டரிச் சீட்டு அல்ல, ஒரு தொழிலில் சிறு பங்கு. நாலு பேர் சேர்ந்து அரிசி மண்டி வைக்கிற மாதிரி. அரிசி என்ன விலைக்கு வருகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று கேட்காமல் அதில் யாராவது பணம் போடுவாரா?

நம் நாட்டுக் காரியத்தையே பாருங்கள். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த ஷிவ் நாடார், நண்பர்களோடு 1976ல் எச்.சி.எல். தொடங்கினார். 1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனது. உள்நாட்டுக் கம்ப்யூட்டருக்கு வழி திறந்தது. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வீடு வரும் என்று அன்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் நடந்தது என்ன? எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ் 2013ல் கம்ப்யூட்டர் தயாரிப்பை விட்டு விலகியது. 2010ல் 100 ரூபாய்க்கு மேல் விற்ற அதன் ஷேர், 2020ல் 10 ரூபாய்க்கும் கீழே போனது.

ஏன்? பெட்டியின்மேல் பெயர் ஒருவருடையது. உள்ளே சிப் இன்டெல்லுடையது, விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டுடையது. பெரிய லாபம் அவர்களுக்கு. பெட்டியைச் சேர்த்துப் பூட்டுகிறவருக்கு மிஞ்சுவது கொஞ்சம். 1997ல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தபின் இறக்குமதி வரியும் படிப்படியாகப் போனது. டெல் கம்பெனி 2007ல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை திறந்தது. பொருள் ஜெயித்தது, ஷேர் தோற்றது.

"அப்போ ஆப்பிள்?" என்பீர்கள். 1997ல் ஆப்பிள் மூழ்கும் நிலையில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போட்டது. பிறகு அது உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றானது. மெய்தான். ஆனால் அன்று பெரிய பெயராயிருந்த டிஜிட்டல் 1998ல் காம்பாக்கிடம் போனது. அந்தக் காம்பாக்கும் 2002ல் எச்.பி.யிடம் போனது. எது நிற்கும், எது விழும் என்று 1997ல் யாரால் நிச்சயமாய்ச் சொல்ல முடிந்தது?

ஆகவே, வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று காரியங்களை உங்களையே கேளுங்கள். ஒன்று, இந்தக் கம்பெனிக்கு லாபம் எப்படி வருகிறது என்று மனைவிக்கு விளக்கிச் சொல்ல என்னால் முடியுமா? இரண்டு, போட்ட பணம் முழுதும் போனாலும் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் தவறாமல் கட்டுவேனா? மூன்று, காலை 9.15க்கு மார்க்கெட் திறந்ததிலிருந்து மாலை 3.30 வரை என் கண் போனிலேயே இருக்குமா? முதல் இரண்டுக்கும் 'ஆம்', மூன்றாவதுக்கு 'இல்லை' என்றால், கொஞ்சமாய்ப் போடுங்கள்; ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் போடாதீர்கள். கடன் வாங்கியோ, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை எடுத்தோ போடவே போடாதீர்கள்.

நம் கையிலிருக்கிற பணத்துக்கு நாம் எஜமான் அல்ல, உக்கிராணக்காரர். கணக்குக் கேட்கப்படும் நாளில், "எல்லாரும் வாங்கினாங்க, நானும் வாங்கினேன்" என்பது பதிலாகாது.