கேட்காத கேள்வி

1995-இல் லண்டன் லைம் ஸ்ட்ரீட்டில், லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் கட்டடத்துக்குள், ஸ்லிப் எனும் காப்பீட்டு விவரத் தாளைச் சுமந்து திரிந்த இளம் தரகன் நான். ‘ரூம்’ என்று அழைக்கப்படும் அந்தக் கூடத்தில், ஆபத்தை ஏற்றுக் காப்பீடு எழுதும் அண்டர்ரைட்டர்கள் தத்தம் ‘பாக்ஸ்’ மேசையில் இருப்பார்கள். தரகர்கள் வரிசையில் நிற்போம். பெரிய ஆபத்தை அங்கே யாரும் தனியாக ஏற்பதில்லை. லீடர் என்ற முதல்வர் விவரமெல்லாம் விசாரித்து, பிரீமியத்தையும் நிபந்தனைகளையும் முடிவு செய்து, பத்தோ பதினைந்தோ சதவீதம் எழுதி முத்திரை குத்துவார். பிறகு நூறு சேரும்வரை மேசை மேசையாக நடை. 130 சேர்ந்துவிட்டால் எல்லோர் பங்கும் ஒரே விகிதத்தில் குறையும். 13 எழுதியவருக்கு 10 நிற்கும். அவரவர் பங்குக்கு அவரவர் பொறுப்பு. பக்கத்து மேசைக்காரர் நொடித்துப்போனாலும் அவர் பங்கு இவர் தலையில் விழாது.

பொறுப்பைப் பங்கு போடலாம். உண்மையையும் அப்படிப் பங்கு போட முடியுமா?

அன்று என் கையில் இருந்தது ஒரு காகிதக் கிடங்கின் தீ காப்பீடு. ‘தானியங்கி நீர்த்தெளிப்பான் பொருத்தப்பட்டது’ என்று ஸ்லிப்பில் இருந்தது. பொய்யில்லை, பொருத்தித்தான் இருந்தது. அதன் பம்ப் பழுதாகி ஆறு வாரத்துக்கு வெளியே போயிருந்ததை வாடிக்கையாளர் முதல்நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். “கேட்டால் சொல்” என்றார் என் மேலாளர். லீடர் கூரையைக் கேட்டார், சுவரைக் கேட்டார், பம்ப்பைக் கேட்கவில்லை. 12.5 எழுதினார். அடுத்த மூவரும் எழுதினார்கள். ஐந்தாமவர் ஸ்லிப்பைப் படிக்கவே இல்லை. லீடரின் முத்திரையைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது.

சின்ன வயதில் அம்மம்மா சொன்ன பாரதக் கதையில், தருமரின் தேர் நிலத்தில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடும். துரோணரிடம் அசுவத்தாமன் இறந்ததாக உரக்கச் சொல்லி, யானை என்பதை மட்டும் தாழ்ந்த குரலில் விழுங்கிய கணத்தில் அது தரையில் இறங்கிவிடும். என் ஸ்லிப்பிலும் ஒரு யானை இருந்தது.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்கிறார் வள்ளுவர். அந்தச் சலுகையை அன்று நானும் துணைக்கு அழைத்தேன்: கிடங்கு இன்றே காப்புப் பெற்றுவிடும், யாருக்கு என்ன கேடு? ஆனால் கேடு யாருக்கு என்பது அந்த மேசையில் தெரியாது. அக்காலத்தில், அண்டர்ரைட்டர்கள் யாருக்காக எழுதினார்களோ அந்தச் சிண்டிகேட் குழுக்களின் பின்னால் ‘நேம்ஸ்’ என்ற தனிமனிதர்கள் பலர் வரம்பற்ற பொறுப்போடு நின்றார்கள். 1988 முதல் 1992 வரையிலான நட்டங்களில் வீட்டையே விற்றவர்கள் அவர்களில் உண்டு. பணம் கட்டப்போகிறவரின் முகம் தெரியாத இடத்தில், விளையும் நன்மை குற்றமற்றது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? வள்ளுவர் வைத்த நிபந்தனையை இந்தச் சந்தையில் ஒரு தரகனால் நிறைவேற்றவே முடியாது என்பது என் முடிவு.

சட்டம் இதை முன்பே கண்டிருக்கிறது. சுமத்ராவின் மார்ல்பரோ கோட்டை பற்றிய கார்ட்டர் வழக்கில், 1766-இல் நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு, தனக்கு மட்டுமே தெரிந்ததை ஒளித்துப் பேரம் பேசுவது இரு தரப்புக்குமே ஆகாது என்றார். 1778-இல் இன்னொரு வழக்கில், முதலில் கையெழுத்திட்டவரிடம் சொன்னது பின்னால் வருபவர்களுக்கும் சொன்னதாகும் என்றார். லீடரிடம் விழுங்கிய சொல்லை எல்லோரிடமும் விழுங்கியிருந்தேன்.

ஐந்தாமவரிடம் ஸ்லிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு லீடரின் வரிசையில் மறுபடி நின்றேன். அவர் கேட்டுவிட்டு, பம்ப் திரும்பும்வரை இரவு பகல் காவல் என்று ஒரு நிபந்தனை சேர்த்து, பிரீமியத்தைக் கூட்டினார். மூவரில் ஒருவர் தான் எழுதிய பங்கை அடித்துவிட்டார். நூறு நிறைய மறுநாள் மாலை ஆனது. மேலாளர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது ஸ்லிப்புகள் பெரும்பாலும் திரையில் போகின்றன. பின்தொடர்பவரின் பேனாவைத் தரகர் பார்ப்பதே அரிது. லைம் ஸ்ட்ரீட்டுக்கு வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளே, யாரும் கேட்கமாட்டார்கள் என்று நீங்கள் விடப்பார்க்கும் அந்த ஒரு வரியை முதல் வரியாக எழுதுங்கள்.