கேட்கப்படாத கேள்வி

"உயிர் தப்பினால் போதாதா, ஐயா? பிள்ளைப் பேச்சு இப்பொழுது எதற்கு?"

கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னை இவ்வாறு கேட்டார். மணமாகாத அவர் மகளுக்கு மார்பில் புற்றுநோய்; சில வாரங்களில் கீமோதெரபி. கிராணி என்ற முறையில் படிவங்கள் எழுதச் சென்றிருந்த நான், அப்பெண்ணை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைக் கண்டேன்.

அம்மருந்துகளிற் சில, நோயை அழிப்பதோடு சினைப்பையிலுள்ள கருமுட்டைகளையும் அழிக்கக்கூடும். ஆயினும் சிகிச்சைக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் கிடைக்குமாயின், முட்டைகளை எடுத்துப் பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரிக் குளிரில், திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்கலாம். உறைய வைத்த முட்டையினின்று கருவுண்டான செய்தியை ஆஸ்திரேலியாவில் டாக்டர் கிறிஸ்டபர் சென் 1986-இல் வெளியிட்டார். ஆண்களுக்கோ வழி எளிது. உறைந்த விந்தினால் கருவுண்டான செய்தி 1953-இலேயே வெளிவந்தது.

செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி என்பதும், குழந்தை நிச்சயமில்லை என்பதும், சில நோய்கள் இரண்டு வாரம் பொறுக்கா என்பதும் மெய்யே. ஆனால் இவை பெண்ணிடம் சொல்ல வேண்டிய செய்திகளேயன்றி, அவளிடம் மறைப்பதற்குக் காரணங்களாகா.

"பிள்ளை பெறுவதே பெண்ணின் கடமை என்பதை மறுத்த நாம் இதைப் பேசலாமா?" என அன்பர்கள் கேட்கலாம். பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்தபோது, வறுமையையும் உடல்நலத்தையும்விடப் பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாகக் கொண்டார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுடையதாயின், வேண்டும் என்று சொல்லும் உரிமை வேறு யாருடையது? 'மலடி' என்னும் வசைக்கு அஞ்சி அவளைக் கட்டாயப்படுத்துவதும், வெட்கத்துக்கு அஞ்சி அவளிடம் கேளாதிருப்பதும் ஒரே அடிமைத்தனத்தின் இரு முகங்களாம்.

அன்று மாலையே பெரியவரும் நானும் பிரிக்பீல்ட்ஸ் சென்று, சித்தி வீட்டில் தங்கியிருந்த அப்பெண்ணிடம் யாவற்றையும் சொன்னோம். அவள் வெகுநேரம் மௌனமாயிருந்தாள். பின்னர், "வேண்டாம் அப்பா, வைத்தியம் உடனே தொடங்கட்டும்" என்றாள்.

கேளாதிருந்தாலும் முடிவு இதுவே ஆகியிருக்கும் என்பீர்கள். ஆகியிருக்கலாம், ஆனால் அது அவள் முடிவாகியிராது.