அந்நிய நாட்டில் மூப்பு

பிறந்த ஊரை விட்டு நீங்குதல் எப்பருவத்தார்க்குந் துன்பந் தருவதொன்றேயாம். ஆயினும், இளமையில் நீங்குவோர்க்கு அத்துன்பத்தைத் தொழில் மறைக்கும்; மக்கட்பேறு மறைக்கும்; நாளை நல்லதாகும் என்னும் எண்ணம் மறைக்கும். மூப்பில் நீங்குவோர்க்கு மறைக்குந் திரை யாதுமில்லை. கிணற்றடியும், வேலிக் கதியாலும், வாசிகசாலையும், திருவிழாக் காலத்து வீதியும், 'மாஸ்டர்' என்று விளித்துச் சைக்கிளினின்றும் இறங்கி நிற்கும் பழைய மாணாக்கனும் ஆகிய இவையெல்லாஞ் சேர்ந்தே அவர்க்கு 'யான் இன்னான்' என்னும் உணர்ச்சியைத் தந்தன. அவை ஒருங்கே நீங்கியவிடத்து எஞ்சி நிற்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. இது உலகியல் வினாவாகத் தோன்றினும் உண்மையிற் சமய வினாவேயாம்.

சைவாசிரியப் பெருமக்களே! இதனை உங்கள்முன் வைத்தற்குக் காரணம் உண்டு. உங்களோடு ஒரே பாடசாலையிற் கற்பித்து இளைப்பாறியவர் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் தம் மக்கள் வீட்டில் வாழ்கின்றனர். உங்களுட் சிலருக்கும் அவ்வழைப்பு நாளை வருதல் கூடும். வருமுன் ஆராய்தல் அறிவுடையார் செயலன்றோ?

கடல் கடந்து செல்லுதல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி, ஆங்கில அரசின் கீழிருந்த மலாயாவுக்கு நம்மவர் எழுதுவினைஞராயும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராயுஞ் சென்றனர். சென்றவிடத்துக் கோயிலும் எடுத்தனர். கோலாலம்பூரிற் பிரிக்பீல்ட்சுப் பகுதியிலுள்ள கந்தசுவாமி கோயில் அதற்குச் சான்று. ஆயின், அவருட் பலர் உழைக்கும் பருவத்திற் சென்று இளைப்பாறும் பருவத்தில் மீண்டனர். பென்சன் பணத்தோடு வந்து, வீடு கட்டி, திருப்பணி செய்து, பிறந்த மண்ணிலே கண்மூடினர். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் நிகழ்ந்த பெயர்ச்சி இம்முறையைத் தலைகீழாக்கிற்று. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து, கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையை அடுத்த கடலில் மீனவராற் காப்பாற்றப்பட்டனர். இவ்வாறு வெறுங்கையராய்ச் சென்ற இளைஞர் பலர், வேரூன்றியபின் தம் தாய்தந்தையரை அழைத்தனர். முன்னாளில் மூப்பு ஊருக்கு மீளுங் காலமாயிருந்தது. இந்நாளில் அதுவே பலர்க்கு ஊரை விட்டு நீங்குங் காலமாயிற்று. இம்மாறுதலுக்கேற்ற ஒழுக்கம் நம்மிடையே இன்னும் நன்கமையவில்லை.

கனடாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே தாய்தந்தையரை நிரந்தரவாசிகளாக அழைக்கும் மக்கள், அவர்தம் அடிப்படைச் செலவுகளைத் தாமே ஏற்பதாக அரசுக்கு உறுதி எழுதிக் கொடுத்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டு தொடக்கம் அவ்வுறுதியின் காலம் 20 ஆண்டாக நீட்டப்பட்டது. கியூபெக் மாகாணத்தில் அது 10 ஆண்டு. முதியோர்க்குரிய அரச உதவித்தொகையோ, பொதுவாக, 65 வயது நிரம்பி, அந்நாட்டில் 10 ஆண்டேனும் வாழ்ந்தவர்க்கே கிடைக்கும். 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட நீண்டகால வருகை அனுமதியின் வழியாகச் செல்வோர், 2022ஆம் ஆண்டு தொடக்கம், ஒரு முறையில் 5 ஆண்டு வரை தங்கலாம். ஆயின் அவர் தனியார் வைத்தியக் காப்புறுதி பெற்றே செல்லல் வேண்டும். இவற்றின் பயன் யாதெனின், ஊரிலே தம் ஒருவர் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர், அங்கே பேருந்துக் கட்டணத்துக்கும் மகன் முகத்தை நோக்கவேண்டியவராகின்றார். நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை பனியும் குளிரும் வாயிலை அடைக்கின்றன. மகனும் மருமகளும் விடியுமுன் வேலைக்குச் செல்வர். பேரப்பிள்ளைகள் பள்ளியினின்றும் வந்து தமக்குள் ஆங்கிலத்திற் பேசுவர். வீடு நிறைய ஆள் இருக்கவும் பேச்சுக்கு ஆளில்லை. சட்டத்தையேனும் பருவத்தையேனுங் குறைகூற இவற்றை எடுத்தோமல்லேம். செல்வோர் அறிந்து செல்க. அழைப்போர் அறிந்து அழைக்க என்பதற்கே எடுத்தாம்.

இனி, 'இறைவன் எங்கும் நிறைந்தவன். அடியார்க்கு ஊரேது, அயலேது?' என்று கூறி இத்துன்பத்தை எளிதில் ஒதுக்குவாரும் உளர். அது பாதி உண்மையேயாம். எங்கும் நிறைந்த முதல்வன் தலந்தோறுந் திருவுருக்கொண்டு எழுந்தருளியது எதன்பொருட்டு? இடத்தையும் உருவையும் பற்றியன்றி ஆன்மாக்கள் எளிதில் அன்புசெய்ய மாட்டா என்பது பற்றியன்றோ? ஆதலின், முதியவர் ஒருவர் தம்மூர்ப் பிள்ளையாரை நினைந்து கண்கலங்குதல் அறியாமையன்று, அன்பின் இயல்பேயாம். தத்துவத்தை எடுத்துப் பிறர் அழுகையை அடைத்தல் சைவமாகாது.

ஆகமநெறி இதற்கு ஒரு வழியுங் காட்டுகின்றது. திருப்பணி நிகழுங் காலத்து மூர்த்தியைச் சிற்றிடம் ஒன்றில் எழுந்தருளுவித்துப் பூசையை இடையறாது செய்தலைப் பாலத்தாபனம் என்பர். இடஞ் சிறிது, அலங்காரங் குறைவு, ஆயினும் பூசை நிற்பதில்லை. பின்னரே மகாகும்பாபிடேகம் நிகழும். கடல் கடந்த நாடுகளிலெழுந்த நம் கோயில்களின் வரலாறும் இத்தகையதே. செருமனி நாட்டிலே ஹம் என்னும் நகரில், ஒரு வீட்டின் நிலவறையிற் சிறிதாகத் தொடங்கிய காமாட்சியம்பாள் வழிபாடு, 2002ஆம் ஆண்டிற் கோபுரத்தோடு கூடிய பெருங்கோயிலாகக் குடமுழுக்குப் பெற்றது. இலண்டனிலுள்ள விம்பிள்டனில் 1981ஆம் ஆண்டிலும், பாரிசு மாநகரில் 1985ஆம் ஆண்டிலும் விநாயகப்பெருமானுக்குக் கோயில்கள் தோன்றின. பாரிசிலே தேர் இன்று நகரவீதியில் ஓடுகின்றது. இவற்றுள் ஒன்றேனும் ஒரேநாளில் எழுந்ததில்லை.

முதியோர் மனமும் அத்தகையதே. புதிய நாடு சென்ற முதலாண்டிலே 'இதுவும் என் ஊரே' என்னும் பெருங்கோயிலை மனத்தில் எழுப்புதல் அரிது. எழுப்ப இயலாமைக்கு நாணுதலும் வேண்டா. முதலிற் பாலத்தாபனஞ் செய்க. தம் அறையின் ஒரு மூலையில் ஒரு படம், ஒரு விளக்கு, நாடோறுந் தவறாத ஒரு நேரம், ஒரு பதிகம், இவை போதும். சாம்பிராணிப் புகைக்கு எச்சரிக்கை மணி ஒலிக்கும் வீடாயின், புகையை விடுத்துப் பூவை இடுக. நியமம் உள்ள இடமே மெல்ல மெல்ல ஊராகும்.

இவ்விடத்து நாவுக்கரசு சுவாமிகளின் சரிதத்தைச் சிந்தித்தல் தகும். தளர்ந்த பருவத்திலே, கயிலை காணவேண்டுமென்னும் வேட்கையால், வடதிசை நோக்கி நடந்தார் அவர். கால் தேய்ந்தபோது கையால் ஊர்ந்தார். கையுந் தேய்ந்தபோது மார்பால் நகர்ந்தார். பின்னர் உடம்பாற் புரண்டார். இறைவன் முனிவராய் வந்து, இவ்வுடம்போடு அங்குச் செல்லல் அரிதென்று தடுத்து, முடிவில் அங்கிருந்த தடாகத்தில் மூழ்கப் பணித்தான். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்திலே. அங்கேயே, ஆணும் பெண்ணுமாய் இணைந்துவரும் உயிர்களிடையே, கயிலைக் காட்சியைக் கண்டார்.

இதன் கருத்தை நோக்குமின். சுவாமிகள் காண விரும்பியது ஓரிடத்தில், காட்டப்பெற்றது வேறோரிடத்தில். விருப்பம் பிழையென்று இறைவன் கூறவில்லை. காணும் இடத்தையே மாற்றினான். கீரிமலைக் கேணியையும் நல்லூர் வீதியையும் நினைந்து உருகும் முதியவர்க்கு இச்சரிதங் கூறுவது, 'நினையற்க' என்பதன்று. 'நின்றவிடத்திற் கண்ணைத் திறக்க' என்பதேயாம். அயல்வீட்டிலே இத்தாலியிலிருந்தோ சீனத்திலிருந்தோ வந்த மற்றொரு முதியவர் பனியைத் தள்ளிக்கொண்டு நிற்பார். அவரும் ஊர் நீங்கியவர்; அவரும் மறந்துபோன பேரரின் மொழிக்கு ஏங்குபவர். மொழியறியாவிடினும் ஒரு கைகூப்பு, ஒரு கிண்ணம் பாயசம் ஆகியவை அங்கே பேசும். உயிர்களிடத்திற் சிவத்தைக் காணல் திருவையாற்றுக் காட்சியின் ஒரு கூறேயாம்.

அச்சுவாமிகளின் சரிதத்திலே இன்னுமொன்றுண்டு. அது வீட்டாரனைவரும் அறியற்பாலது. திருப்பூந்துருத்தியை நோக்கி ஞானசம்பந்தப்பிள்ளையார் சிவிகையில் எழுந்தருளியபோது, வயதான நாவுக்கரசர் கூட்டத்தினிடையே யாருங் காணாவகை புகுந்து, அச்சிவிகையைத் தாங்கினார். 'அப்பர் எங்குள்ளார்?' எனப் பிள்ளையார் வினவ, அதனைத் தாங்கும் பேறு பெற்று இங்குள்ளேன் என்றார் சுவாமிகள். கேட்டவளவிலே பிள்ளையார் பதைத்து இறங்கி வணங்கினார்.

இந்நாளில், அந்நாடுகளிற் பல பாட்டன்மாரும் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளைத் தாங்குகின்றனர். பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர், சமைக்கின்றனர், துணி மடிக்கின்றனர். அன்பினாற் செய்யப்படுவழி இது சிவிகை தாங்கிய தொண்டேயாம். இதனை இழிவென்று கருதற்க. ஆனாற் சரிதத்தின் மறுபாதியை மறத்தல் ஆகாது. தாங்கியவர் யாரென அறிந்தவுடன் தாங்கப்பட்டவர் இறங்கினார்; வணங்கினார். இறங்குதல் இல்லாதவிடத்துத் தாங்குதல் கூலியற்ற வேலையாய் முடியும். சம்பளம் பெறும் பணிப்பெண்ணுக்குக் கொடுக்கும் ஓய்வுநாளைத் தாய்க்குக் கொடாத வீட்டிலே, பூசையறை பொன்னால் வேயப்பட்டிருப்பினும் பயன் யாது? 'அம்மா, இன்று நீங்கள் கோயிலுக்குப் போங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கிழமைக்கொருமுறை கூறும் மகனே சிவிகையினின்றும் இறங்கியவன். பெற்றோர் கையிற் சிறிது பணத்தைக் கேளாமலே கொடுத்தலும், வீட்டுக் காரியங்களில் அவர் கருத்தை வினவுதலும் அவ்விறக்கத்தின் பகுதிகளாம்.

இனி முதியோர் தாமே செய்துகொள்ளற்பாலன சில. முதலாவது, உடம்பைப் பேணுதல். திருவருள் தந்த உடம்பைக் கட்டிலிற் கிடத்தி வைத்தல் நன்றன்று. குளிர்காலத்தில் வெளியே நடத்தல் இயலாதாயிற் பெரிய கடைத்தொகுதிகளின் மூடிய நடைவழிகளில் நடக்கலாம். ரொறன்ரோ முதியோர் பலர் அங்ஙனஞ் செய்கின்றனர். வெயில் குறைந்த நாடுகளிலே கரிய மேனியுடைய நம்மவர்க்கு 'டி' உயிர்ச்சத்துக் குறைதல் உண்டு, வைத்தியரை வினவுக. செவிப்புலன் குறையுமாயின் வெட்கப்படாது கருவி அணிக. செவிக்குறையும், தனிமையும், உடலுழைப்பின்மையும் மறதிநோய்க்கு இடஞ்செய்வனவென 2024ஆம் ஆண்டில் வெளிவந்த வைத்திய அறிக்கையும் எடுத்துரைக்கின்றது.

இரண்டாவது, சிறிதேனும் அந்நாட்டு மொழியைக் கற்றல். ஐம்பதாண்டு பிறர்க்குக் கற்பித்தவர் எழுபதில் மாணாக்கராதல் இழுக்காகாது. பேருந்தின் இலக்கமும், மருந்துப் புட்டியின் எழுத்தும், ஆபத்தில் அழைக்குந் தொலைபேசி எண்ணும் அறிந்தவர் பாதி விடுதலை பெற்றவராவர். ஆயினுந் தமிழைக் கைவிடற்க. மறதிநோய் கொண்ட முதியோருட் பலர், பின்னாளிற் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்கே மீள்வதை வைத்தியர் கண்டுள்ளனர். அந்நாளிலே அருகிருந்து தமிழிற் பேச ஒரு பேரப்பிள்ளை வேண்டுமாயின், இந்நாளிலே அப்பிள்ளைக்குத் தமிழ் ஊட்டல் வேண்டும்.

மூன்றாவது, தொண்டு. இதுவே யாவற்றினுந் தலையாயது. நாவுக்கரசர் தம் இறுதிக்காலத்தைப் பிறந்த ஊராகிய திருவாமூரிற் கழித்தாரல்லர். திருப்புகலூரிலே உழவாரத்தால் புல்லைச் செதுக்கிக்கொண்டு கழித்தார். கையில் உழவாரம் உள்ளவரை எவ்வூரும் அவர்க்குச் சொந்த ஊராயிற்று. இளைப்பாறிய ஆசிரியரின் உழவாரம் யாது? எழுத்தறிவித்தலே. 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த நாவலர் பெருமான், 1864ஆம் ஆண்டிற் கடல் கடந்து சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையைத் தாபித்தார். தொழில் ஒன்றே, இடமே வேறு. இன்று ரொறன்ரோவிலே பள்ளிக்கூடங்களிலுங் கோயில் மண்டபங்களிலும் வாரவிறுதித் தமிழ் வகுப்புக்கள் நடைபெறுகின்றன. அங்கே ஒரு குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கும் முதியவரை 'இவர் எவ்வூரார்?' என்று யார் வினவுவார்?

இன்னும் ஒரு அச்சம் முதியோரின் உள்ளத்திலே ஒளிந்து கிடக்கின்றது. 'இங்கே இறந்தால் என் செய்வர்?' என்பதே அது. அதனை வாய்விட்டுப் பேசுதல் நலம். தகனமும் அபரக்கிரியையுஞ் சைவமுறைப்படி செய்தற்கு அந்நாடுகளிற் குருமாரும் இடங்களும் உள. ஒன்ராறியோ மாகாணத்தில் அரசுக்குரிய நீர்நிலைகளிற் சாம்பலைக் கரைத்தற்குந் தடையில்லை. கீரிமலைக்கு அனுப்ப விரும்புவோர் முன்னரே மக்களுக்குச் சொல்லி வைக்க. நீர் எங்குஞ் சிவனது அட்டமூர்த்தத்துள் ஒன்றேயாதலின், எக்கரையிற் கரைந்தாலும் அவன் திருமேனியிலேயே கரைவோம்.

ஆசிரியப் பெருமக்களே! இங்கிருந்து நாம் செய்யற்பாலதும் உண்டு. செல்லும் முதியோர்க்கு வழியனுப்பு விழாவும் பொன்னாடையும் போதா. அந்நாட்டுச் சட்டத்தையும் பருவத்தையும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். சென்றவரை மறவாது மாதமொருமுறை தொலைபேசியில் அழைத்தல் வேண்டும். பாடசாலையின் செய்தியைச் சொல்லி, அவர் கருத்தையுங் கேட்டல் வேண்டும். கேட்கப்படுபவர் மூப்படையினும் முதியராகார். செல்ல விரும்பாது இங்கே தனித்திருக்கும் முதியோரை, மக்கள் பணம் அனுப்புகின்றனர் என்று எண்ணி விட்டுவிடாது, மாணாக்கரோடு சென்று காண்டல் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, இன்று நம்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சிவிகைச் சரிதத்தை அதன் மறுபாதியோடு கற்பித்தல் வேண்டும். அவர்களுள் யார் யார் எந்நாட்டிற் குடியேறுவரென நாம் அறியோம். எந்நாட்டிலாயினும், தம்மைத் தாங்கியவரைக் கண்டு இறங்கத் தெரிந்த பிள்ளை உள்ள வீட்டிலே, முதியோர்க்கு அந்நியம் என்பது இல்லை.

எல்லாம் வல்ல சிவபெருமான் அவ்வறிவை நம் மக்களுக்கும், அவ்வமைதியை நம் முதியோர்க்கும் அருளுவாராக.

திருச்சிற்றம்பலம்.